வெள்ளமும் ரோட்டோரக் கடையும்



ஆற்று வெள்ளத்தால் ரோட்டோரக் கடைக்காரர்களும் வழிப்போக்கர்களும் படும் பாட்டைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச நினைக்கிறோம். "இதில் பேச என்ன இருக்கிறது? மழை பெய்தால் வெள்ளம் வரும். வெள்ளம் வந்தால் கடை போகும். எல்லாம் தலைவிதி" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த நினைப்பைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

2023-ம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி ஜில்லாவில் சாதாரணமாக ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையைக் காட்டிலும் இது அதிகம். மேலே பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து வந்த நீர் ஒருபக்கம், கீழே குளங்கள் உடைத்துக்கொண்டு வந்த நீர் மற்றொருபக்கம். திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீரில் நின்றது. ஏரல் கடைவீதி மூழ்கிற்று. திருச்செந்தூர் ரோடு பல இடங்களில் அறுந்துபோயிற்று.

இவ்வளவு மழையை யார் தடுக்க முடியும் என்று கேட்கலாம். மழையைத் தடுக்க முடியாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் மழை வானத்தின் காரியம் என்றால், குளத்துக் கரை யாருடைய காரியம்? மறுகால் ஓடையைத் தூர்த்தது யார்? தண்ணீர் போகும் பாதைக்குக் குறுக்கே மேடாக ரோட்டைப் போட்டு, அதற்குப் போதுமான மதகு வைக்காமல் விட்டது யார்? அப்படிப் போட்ட ரோடு வெள்ளக் காலத்தில் ரோடாக இருப்பதில்லை. ஓர் அணையாகிவிடுகிறது. ஒருபக்கம் தண்ணீரைத் தேக்கிக் கடைகளை மூழ்கடிக்கிறது, பிறகு தானும் உடைந்து ஊரைத் துண்டிக்கிறது. இதில் விதி எங்கே வந்தது?

ஒரு டீக்கடைக்காரரின் கணக்கைப் பாருங்கள். அவருடைய சொத்து ஒரு பாய்லர், இரண்டு பெஞ்சு, பத்துப் பதினைந்து கிளாசு, ஒரு மூட்டை சர்க்கரை, சில மிட்டாய்ப் பாட்டில்கள். பால் கடன், சர்க்கரை கடன், கைமுதலோ தண்டல்காரரிடம் வாங்கியது. வெள்ளம் இரண்டு நாளில் வடிந்துவிடும். தண்டல் வடியாது. மூன்றாம் நாள் காலையில் தண்டல்காரர் வந்து நிற்பார்.

இன்னொரு விஷயம். கடைக்குள் தண்ணீர் வந்தவருக்கு மட்டும்தான் நஷ்டம் என்று எண்ணாதீர்கள். மேட்டில் கடை வைத்திருப்பவர் நனையாமலே நாசமாகிறார். ஏனென்றால் ரோட்டோரக் கடைக்கு உண்மையான முதல் அந்த ரோட்டில் வரும் பஸ்ஸும், அதிலிருந்து இறங்கும் ஜனங்களும்தான். பாலம் அறுந்தால் பஸ் இல்லை. பஸ் இல்லையானால் வியாபாரம் இல்லை. பூ விற்கிறவள், பழம் விற்கிறவர், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் எல்லோருடைய அடுப்பும் சேர்ந்து அணைகிறது. வேலைக்குப் போகிறவனுக்குக் கூலி போகிறது. பிரசவத்துக்குப் போகவேண்டியவளுக்கு உயிரே போகலாம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவரவில்லை. அப்போது கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் ரேஷன் கார்டு ஒன்றுக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். ஆனால் அது வீட்டுக் கணக்கு. பெட்டிக்கடை எந்தக் கார்டில் இருக்கிறது? 2014-ல் தெருவோர வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அவர்களைக் கணக்கெடுத்துச் சான்று கொடுக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். உங்களில் எத்தனை பேர் கையில் அந்தச் சான்று இருக்கிறது? கணக்கில் இல்லாதவனுடைய நஷ்டம் எப்படிக் கணக்கில் ஏறும்?

தோழர்களே! அறிவைக் கொண்டு தப்பிக்க நமக்குத் தெரியாது என்பதில்லை. திருநெல்வேலி குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே ஒரு முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளத்தைக் கிழித்துவிடும்படி படகு முனையைப்போல் அதன் சுவரைக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வருகிறதென்று தெரிந்தால், உற்சவ விக்கிரகத்தையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவது வழக்கம். இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. மிகவும் புத்திசாலித்தனமான காரியம் என்றே சொல்லுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். சாமியையே விதியின்மேல் விட்டுவிடாமல், தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, நேரத்தோடு மேட்டுக்குக் கொண்டுபோகிற நீங்கள், பெண்டு பிள்ளைகளையும் பிழைப்பையும் மட்டும் ஏன் விதியின்மேல் விடவேண்டும்? உண்டியலுக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு டீக்கடைப் பாய்லருக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

இன்னொன்றும் பாருங்கள். அதே 17-ந் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலை, மேலே பாதையில் வெள்ளம் என்று தெரிந்து ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். சுமார் 800 பேர் அதில் இருந்தார்கள். அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. ரயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்களைக் காப்பாற்றியது யாகமா, நேர்த்திக்கடனா? நிலைமையை விசாரித்து, ரயிலை நிறுத்திய மனிதரின் அறிவு. அங்கே சிக்கிக்கொண்டவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர்கள் பக்கத்திலுள்ள புதுக்குடி கிராமத்தார். அது மனிதருடைய அன்பு. இந்த அறிவும் அன்பும் வெள்ளம் வந்தபின் மட்டும் வந்தால் போதுமா?

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன? ஐப்பசி மழைக்கு முன்பாகவே ஊர்க் குளத்தின் கரையையும் மறுகாலையும் போய்ப் பாருங்கள். பழுது இருந்தால் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரோட்டுக்கு அடியில் மதகு போதாத இடங்களைக் குறித்துக் கேளுங்கள். 2023-ல் தண்ணீர் வந்த மட்டத்தைக் கடைத்தெருச் சுவர்களில் கோடு போட்டு வையுங்கள். "இத்தனை ஆயிரம் கன அடி" என்று மட்டும் சொன்னால் கடைக்காரருக்கு விளங்காது. எந்த ரோடு, எந்த நேரத்தில் மூழ்கும் என்று சொல்லும்படி அதிகாரிகளைக் கேளுங்கள். தெருவோர வியாபாரிச் சான்றைக் கூட்டமாகப் போய்க் கேட்டு வாங்குங்கள். ஓடையின்மேல் கடை வைத்திருப்பவர் நம்மவரே ஆனாலும், அது அடுத்தவர் கடையை மூழ்கடிக்கும் என்று சொல்லுங்கள். கூடவே அவருக்கு மாற்று இடமும் கேளுங்கள்.

இவற்றில் எதுவும் நம் சக்திக்கு மீறியதல்ல. 2023-க்குப் பிறகு ஒரு வருஷம்கூட முழுதாக ஆகாமல் 2024 டிசம்பரில் மறுபடியும் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. இனியும் வரும். அது வரும்போது நாம் விதியை நொந்துகொண்டு மேட்டில் நிற்கப்போகிறோமா, அல்லது செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிட்டு நிற்கப்போகிறோமா என்பதை யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.