சிறைக்கு வரும் கடிதம்

அமெரிக்காவில் கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. பெரும்பாலான கவுண்டிகளில் ஷெரிப் எனும் காவல் தலைவர் நடத்தும் சிறை ஒன்று உண்டு. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விசாரணைக் கைதிகள். ஜாமீன் கட்டப் பணமில்லாமல் கிடப்பவர்கள் ஏராளம். வீட்டிலிருந்து வரும் கடிதம் அவர்களுக்குச் சோறு தண்ணீர் மாதிரி.

அந்தக் கடிதம் முதலில் போவது தபால் அறைக்கு. உறையைப் பிரித்து, ஸ்டாம்பைக் கிழித்தெடுக்கிறார்கள். காரணம் இருக்கிறது. நாக்கில் வைத்தால் கரையும், சுபாக்சோன் என்ற போதை தரும் மருந்தின் பட்டை ஸ்டாம்புக்கு அடியில் ஒளிந்து வந்ததுண்டு. கே2 எனப்படும் செயற்கைக் கஞ்சாவின் கரைசலில் காகிதத்தை நனைத்துக் காயவைத்தால், வெறும் கண்ணுக்கு அது சாதாரணக் கடிதம்தான். கைதிகள் அதைத் துண்டு துண்டாகக் கிழித்துப் புகைக்கிறார்கள், உயிரே போகலாம். காவலர்களின் பயம் பொய்யல்ல.

வக்கீல் கடிதத்துக்கு மட்டும் தனி மரியாதை. கைதியின் கண்ணெதிரில் உறையைப் பிரித்து, உள்ளே வேறு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாசகத்தைப் படிக்கும் உரிமை அதில் இல்லை.

மற்றக் கடிதங்களுக்குத்தான் நெருக்கடி. அரிசோனாவின் மேரிகோபா கவுண்டியில் ஷெரிப் ஜோ அர்பயோ 2007-இல், தபால் அட்டையில் மட்டுமே எழுத வேண்டும் என்றார். பல கவுண்டிகள் அதே வழியில் போயின. மனைவி கணவனுக்கு எழுதுவதை ஊரே படிக்கலாம்! ஓரிகானின் கொலம்பியா கவுண்டியில் இருந்த இதே விதியை, அரசியலமைப்புக்கு முரணானது என்று 2013-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது.

அடுத்து வந்தது ஸ்கேனர்.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே உள்ள சான் மேட்டியோ கவுண்டியில், 2021 முதல் குடும்பக் கடிதங்கள் சிறைக்கே வருவதில்லை. நாட்டின் மறுகோடியில், புளோரிடாவில் உள்ள தனியார் நிறுவனத்துக்குப் போகின்றன. அங்கே ஸ்கேன் செய்துவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறார்கள். பிள்ளை கிரேயானால் வரைந்த படத்தை, பலரும் பங்குபோடும் டேப்லெட்டில்தான் அப்பா பார்க்க வேண்டும். தலைமாட்டில் வைத்துக்கொள்ளக் காகிதம் கிடையாது. நகலோ பல ஆண்டுகள் கோப்பில் கிடக்கிறது. எழுதிய தாயும் கண்காணிப்புக்குள் வந்துவிடுகிறாள்.

போதைப்பொருள் தபாலில் மட்டுமா வருகிறது? சிறை ஊழியர்களே கடத்திப் பிடிபட்ட வழக்குகள் அந்த நாட்டில் பல. அப்படியிருக்க, குற்றம் நிரூபணமாகாதவரின் கடிதத்தை அழிப்பது அநியாயம். கைதிகளும் அவர்களுக்கு எழுதுபவர்களும் 2023-இல் சான் மேட்டியோ கவுண்டிமீது வழக்குத் தொடுத்தார்கள். பேச்சுரிமையோடு, காரணமில்லாத சோதனைக்கு எதிரான உரிமையையும் அவர்கள் முன்வைத்தார்கள்.