பரனூரும் பழைய சட்டமும்

சிங்கப்பெருமாள் கோவிலில் செங்கல்பட்டு ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பரனூர். மகிந்திரா சிட்டியில் வேலை பார்க்கிறவர்கள் இறங்குமிடம். தொழுநோயாளிகளுக்கான அரசு மறுவாழ்வு இல்லமும் அதே பரனூரில்தான் இருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1924-இல் ஏற்பட்ட லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை மத்திய அரசு 1955-இல் ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. 1940-களிலேயே டாக்டர் ராபர்ட் காக்ரேன் அங்கே சல்ஃபோன் மருந்து கொடுத்துப் பார்த்திருந்தார்.

மருந்து வேகமாக வந்தது, சட்டம்தான் நகரவில்லை. 1890-91-இல் இந்தியாவைச் சுற்றிவந்த ஆணையம், இந்த நோய் எளிதில் தொற்றாது, கட்டாயமாக ஒதுக்கத் தேவையில்லை என்றது. ஆனாலும் 1898-இல் சட்டம் போட்டார்கள். யாருக்கு? புண்ணோடு தெருவில் பிச்சை எடுக்கும் ஏழைக்கு. போலீஸ் வாரண்ட் இல்லாமலே அவரைப் பிடிக்கலாம். நோய் கண்டவர்கள் உணவுப்பொருள் விற்கவும், பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும், வாடகை வண்டியில் ஏறவும் தடை போடலாம். ரயிலுக்கு மட்டும் ஏனோ விலக்கு! வசதியுள்ள நோயாளியை யாரும் பிடித்துப்போகவில்லை. பயந்தது கிருமிக்கா, ஏழ்மைக்கா?

கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஒரு வருடமோ அட்டை மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நோய் தீரும். இலவசம். அந்தச் சட்டம் போனதோ 2016-இல். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்பது 2019 வரை செல்லுபடியானது.

2005 முடிவில், நாட்டளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் இறங்கியதாக அறிவித்தார்கள். பலர் காதில் அது 'ஒழிந்துவிட்டது' என்று விழுந்தது. புதுநோயாளிகள் இன்றும் வருகிறார்கள்.

பரிசோதனை எளிது. வெளிறிய தேமல் இருந்தால், கண்ணை மூடச் சொல்லிப் பால்பாயின்ட் பேனா முனையால் மெல்லத் தொடுவார்கள். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். தேமல்மேல் தொட்டது தெரியவில்லையென்றால் சந்தேகம்.

நோயாளியோடு பழகுகிறவர்களுக்கு ஒரேயொரு வேளை ரிஃபாம்பிசின் தருவது இப்போதைய திட்டம். வீடு, குடும்பம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் பையன்கள் ஓர் அறையில் ஷிப்டு மாற்றிப் படுக்கிறார்கள். அங்கே குடும்பம் யார்? சுகாதாரப் பணியாளர் பகலில் கதவைத் தட்டினால் பாதிப்பேர் கம்பெனியில் இருப்பார்கள், வாரவிடுமுறையில்தான் போகவேண்டும். 'வடக்கத்தியான் கொண்டுவந்த நோய்' என்ற பேச்சு கிளம்பினால் தேமலைச் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார்கள். சோதனை முடிவு ஆரம்ப சுகாதார நிலையத்தோடு நிற்கவேண்டும். லேபர் கான்ட்ராக்டர் கைக்குப் போகக்கூடாது.