ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன பிறகு



பிள்ளைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்து வீடுகளில் முதலில் எழுவது 'எதனால வந்துச்சு?' என்ற கேள்விதான். உடனே எல்லாருடைய பார்வையும் தாயின்மேல் விழும். கிரகணத்தன்று வெளியே போனாள், செல்போனைக் கையில் கொடுத்தே கெடுத்தாள் என்பார்கள். அமெரிக்காவில் படித்த டாக்டர்களே ஒரு காலத்தில் தாய்க்குப் பாசம் போதவில்லை என்று சொன்னவர்கள்தான். அந்த வாதத்தை 1964-இல் புத்தகம் எழுதி மறுத்தார் பெர்னார்ட் ரிம்லண்ட். அவரே ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தகப்பன். ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. தடுப்பூசியாலும் வருவதில்லை. வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

பிள்ளையின் காது கேட்கும் திறனைச் சோதித்தாகிவிட்டதா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் இடையீட்டுச் சேவை மையத்தில் பேச்சுப் பயிற்சிக்கும் வழி கேட்கலாம்.

ஆனால் வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பெறும் அரைமணிப் பயிற்சி மட்டும் போதாது. மிச்ச நேரமெல்லாம் பிள்ளை உங்களிடம்தானே இருக்கிறது! டம்ளர் மூடியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறானா? பிடுங்காதீர்கள். எதிரே உட்கார்ந்து நீங்களும் ஒரு மூடியைச் சுற்றுங்கள். 'சுத்து' என்று ஒரே சொல். பிறகு சும்மா இருங்கள். இந்தக் காத்திருப்புதான் கஷ்டம். நமக்கு வாய் சும்மா இருக்காது. அவன் உங்களை ஏறிட்டுப் பார்த்தால், கையைத் தொட்டால், அதுவே கேட்பதுதான், உடனே சுற்றுங்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் இந்த வகைப் பயிற்சியைச் சோதித்தார்கள். பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். பிள்ளைகள் தாங்களாகவே பெற்றோரை நாடுவது கூடியது என்று 2016-இல் முடிவு வெளியானது.

ஸ்டெம்செல் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், நகையை அடகு வைக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல.

அங்கன்வாடியையும் நிறுத்த வேண்டாம். பள்ளி வயது வந்ததும் வட்டார வள மையத்துச் சிறப்பு ஆசிரியரைப் பாருங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கினால் பேர் கெட்டுவிடும் என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கையில் இருந்தால்தான் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு.