ஆழ்கடல் சுறாவின் இரை

சுறா என்ற சொல் தமிழருக்குப் புதியதன்று. பரதவர் சினைச்சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. நம் கடற்கரை ஊர்களில் பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறாப் புட்டு ஆக்கிக் கொடுப்பது இன்றும் வழக்கம். மாட்டுங்காவின் கடைத்தெருவிலே வாழையிலையும் மல்லிகையும் கருவேப்பிலையும் தேடுவோர், மீன் வாசனையே அறியாமல் வீடு திரும்பிவிடலாம். ஆனால் மேற்கே சற்று நடந்து மாகிம் கடலோரத்தை அடைந்தால், அங்குள்ள கோலி மக்கள் இதே மீனை ‘முஷி’ என்று கூவி விற்பதைக் கேட்கலாம்.

இவை எல்லாம் கரையை ஒட்டிய சுறாக்கள். உலகில் அறியப்பட்டுள்ள சுறா இனங்கள் 500-க்கும் மேற்பட்டவை. அவற்றில் ஏறத்தாழ பாதி, 200 மீட்டருக்குக் கீழே, கதிரவன் ஒளி செடிகொடிகளை வளர்க்க இயலாத ஆழத்தில் வாழ்வன. அவற்றை நம்மில் மிகச் சிலரே கண்டிருப்போம். அங்கே அவை எதைத் தின்று உயிர் வாழ்கின்றன? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், நம் குமரி மாவட்டத்து மீனவரின் பிழைப்பு வரை அது நம்மை இட்டுச் செல்கிறது.

மும்பையிலிருந்து ஆழ்கடல் அண்மையில் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்நகருக்கு எதிரே கடலடித் திட்டு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கிறது. அதன் விளிம்பைத் தாண்டிய பின்னரே தரை சரிந்து இருளுக்குள் இறங்குகிறது. அந்த இருளில் பயிர் விளைவதில்லை. உணவு யாவும் மேலிருந்தே வரவேண்டும். பல அடுக்குக் கட்டடத்தின் அடித்தளத்தில் குடியிருக்கும் எறும்புகள், மேல் வீடுகளில் சிந்தும் பருக்கைகளை நம்பியிருப்பதைப் போன்றது அந்த வாழ்வு. இறந்த நுண்ணுயிர்களும், உண்டவை கழித்த எச்சங்களும் தூசுபோல் ஓயாது கீழே இறங்கிக்கொண்டிருக்கின்றன. இதனைக் ‘கடற்பனி’ என்று விஞ்ஞானிகள் அழைக்கின்றனர். ஆனால் வழியிலுள்ள ஒவ்வொரு வாயும் அதில் பங்கு கொள்கிறது. கடலின் அடித்தரையைச் சென்று சேர்வது மேலே விளைந்ததில் நூற்றில் ஒரு பங்கு அளவே.

சுறா இந்தத் தூசைத் தின்பதில்லை. தூசைத் தின்பவற்றையும், அவற்றைத் தின்பவற்றையும் தின்கிறது. அவற்றுள் முதன்மையானவை விளக்குமீன்கள். விரல் நீளமே உள்ள இம்மீன்களின் உடலில் வரிசை வரிசையாக ஒளிப்புள்ளிகள் உண்டு. மாட்டுங்கா நிலையத்தில் காலை, மாலை லோக்கல் ரயிலுக்கு நிற்கும் கூட்டத்தை அறிந்த நேயர்களுக்கு இவற்றின் வாழ்க்கையை எளிதில் விளக்கலாம். மாலை இருட்டியதும் கோடிக்கணக்கில் மேற்பரப்பை நோக்கி ஏறுகின்றன. அங்கே மிதவை உயிர்களை மேய்ந்துவிட்டு, விடியுமுன் பல நூறு மீட்டர் கீழே இறங்கிவிடுகின்றன. நாள் தவறுவதில்லை. ஓமன் வளைகுடாவிலும் அரபிக்கடலின் வடபகுதியிலும் உள்ள விளக்குமீன் திரள் உலகின் மிகப் பெரிய திரள்களுள் ஒன்று. மேற்பரப்பின் விளைச்சலைத் தம் வயிற்றில் சுமந்து ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் இந்தப் பயணிகளைத்தான் சரிவில் வாழும் சுறாக்கள் எதிர்பார்த்துக் கிடக்கின்றன.

இவற்றை எப்படி அறிந்தோம்? இதில் மும்பைக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியக் கடல்களை அளப்பதற்காக ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற நீராவிக் கப்பல் 1881-இல் பம்பாய்க் கப்பல்கட்டும் துறையில் கட்டப்பட்டது. மரத்தால் ஆன கப்பல். பக்கங்களில் சக்கரத் துடுப்பு. 1888 முதல் 1892 வரை அதில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் பணியாற்றியவர் ஆல்ஃபிரட் அல்காக். ஆழத்தில் வலையை இழுத்து, வந்தவற்றை எல்லாம் ஆராய்ந்து பெயரிட்டார். அந்தமான் கடலிலிருந்து கிடைத்த ஒரு சிறு சுறாவை 1891-இல் அவர் விவரித்தார். தோல் முள்முள்ளாக இருந்ததால் ‘ஹிஸ்பிடம்’ என்று பெயர் வைத்தார்.

அல்காக் பெயர் வைத்தார். அதன் உணவை ஆராய்ந்தவர்கள் நம்மவர்கள். இராமேசுவரத்துக்குச் செல்லும் வழியில் மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971-இல் தன் தலைமையிடத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டது. அந்நிலையத்தைச் சேர்ந்த ஆர். வி. நாயர், கே. கே. அப்புக்குட்டன் ஆகிய இருவரும் மூன்று ஆழ்கடல் சுறா இனங்களின் வயிற்றை அறுத்துப் பார்த்து, கண்டதை 1973-இல் வெளியிட்டனர். ஒன்று, அல்காக் பெயரிட்ட அதே சுறா. இரண்டாவது, எரிடாக்னிஸ் எனப்படும் குட்டிச் சுறா. முழு வளர்ச்சியிலும் ஒரு சாணைச் சற்றே மிஞ்சும். 24 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. உலகின் மிகச் சிறிய சுறாக்களுள் ஒன்றாகிய இது நம் மன்னார் வளைகுடாவின் சேற்றுத் தரையில் வாழ்கிறது. மூன்றாவது ஐயாகோ ஓமனென்சிஸ். ஓமன் கடலின் பெயரைத் தாங்கியது.

இவற்றின் இரை சிறு மீன்கள், இறால் இனங்கள், கணவாய் ஆகியவையே. சுறா என்றதும் மனிதனை விழுங்கும் வாயை நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். கையளவுச் சுறா, விரலளவு மீனைத் தின்கிறது. ஆழ்கடலில் பெரும்பாலான சுறாக்களின் கதை இதுதான்.

வயிற்றை அறுத்துப் பார்ப்பது எளிய வேலை என்று எண்ணிவிட வேண்டாம். ஆழத்திலிருந்து பிடித்துவரும் சுறாக்களில் பலவற்றின் வயிறு வெறுமையாகவே இருக்கும். சில, மேலே இழுக்கப்படும்போது உண்டதைக் கக்கிவிடுகின்றன. வேறு சில, உண்மையிலேயே பட்டினி கிடந்தவை. எது எந்த வகை என்று பிரித்தறிவது கடினம். எஞ்சியிருப்பதும் பாதி செரித்த கூழ். மீனின் செவிக்கல், கணவாயின் கிளிமூக்குப் போன்ற அலகு ஆகிய கடினப் பொருள்களைக்கொண்டு இரையை இனங்காண வேண்டும். இக்காலத்தில் வேறொரு வழியும் உண்டு. நைட்ரஜன் அணுக்களில் எடை மிகுந்த ஒரு வகை, ஓர் உயிர் மற்றோர் உயிரைத் தின்னுந்தோறும் உடலில் சற்றே கூடுகிறது. ஆகவே சுறாவின் ஒரு துண்டுத் தசையைச் சோதித்தால், உணவுப் படியில் அது எத்தனையாவது படியில் நிற்கிறது என்று கணிக்கலாம். வயிறு நேற்றைய சாப்பாட்டைச் சொல்லும். தசை பல மாதச் சாப்பாட்டைச் சொல்லும்.

இரை அரிதான இடத்தில் சிக்கனமே பிழைப்பு. அதன் வகைகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. இசிஸ்டியஸ் என்றொரு சுறா, பெரிய சுருட்டைப் போன்ற உருவம், அரை மீட்டர் நீளம். அது தன்னைவிடப் பன்மடங்கு பெரிய சூரைமீன், ஓங்கில், திமிங்கிலம் இவற்றின் மேல் உதட்டைப் பதித்து, உடலைத் திருகி, பூரிக்குக் கிண்ணத்தால் மாவை வெட்டி எடுப்பது போல வட்டமாகச் சதையை எடுத்துக்கொள்கிறது. உணவளித்தவர் உயிரோடு போய்விடுகிறார்! 1970-களில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களின் ரப்பர் உறைகளையும் இது கடித்து வைத்தது. தன் கீழ்ப்பல் வரிசை விழும்போது அதையும் விழுங்கிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்தை வீணாக்க மனமில்லை போலும். வேறு சில இனங்கள் வயிற்றுப்புறத்தில் மங்கிய ஒளி வீசி, மேலிருந்து வரும் ஒளியோடு ஒளியாகக் கலந்து, கீழே உள்ளவற்றின் கண்ணுக்குத் தம் நிழலை மறைத்துக்கொள்கின்றன. திமிங்கிலப் பிணம் கடலடியில் விழுந்தால் அங்கே வந்து சதையைக் கடித்துப் பிய்க்கும் பெரிய சுறாக்களும் உண்டு. அது என்றோ கிடைக்கும் கல்யாணச் சாப்பாடு.

அரபிக்கடலில் பசியோடு இன்னொரு குறையும் சேர்ந்திருக்கிறது. ஏறத்தாழ 150 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரையிலும், சில இடங்களில் அதற்குக் கீழும், நீரில் கரைந்துள்ள பிராணவாயு மிகமிகக் குறைவு. உலகக் கடல்களில் இத்தகைய இடங்கள் சிலவே. ஐயாகோ சுறா அங்கே பெரிய செவுள்களோடு வாழ்கிறது. மூச்சுக்குத் தவிக்கும் இடத்துக்குப் போட்டியாளர் அதிகம் வருவதில்லை. பகலில் அங்கே இறங்கி ஒளியும் விளக்குமீன்கள் மட்டும் வருகின்றன.

எல்லாச் சிக்கனத்துக்கும் தலையாயது ஈரல். ஆழ்கடல் முட்சுறாக்கள் சிலவற்றின் ஈரல், உடல் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு. அது நிறைய எண்ணெய். நீரைவிட இலேசான அந்த எண்ணெய், நீந்தாமலே உடலை மிதக்கவைக்கிறது. இரை கிடைக்காத நாள்களுக்குச் சேமிப்பாகவும் அமைகிறது. ஆனால் சேமிப்பைச் சேர்க்கவும் வருமானம் வேண்டுமல்லவா? 3,000 மீட்டருக்குக் கீழே சுறாக்கள் ஏறத்தாழ இல்லாமலே போவதற்கு இதுவே காரணமாகலாம் என்று 2006-இல் ஓர் ஆய்வுக்குழு கருத்துத் தெரிவித்தது. அவ்வளவு ஆழத்தில் இறங்கும் சிறிதளவு உணவு, எண்ணெய் ஈரலை நிரப்பப் போதாது. எலும்பு மீன்கள் அதற்குக் கீழும் வாழ்கின்றன. சுறாவுக்கு அங்கே கதவு அடைபட்டிருக்கிறது.

குறைந்த உணவு, மெதுவான வளர்ச்சி, அரிதான பேறு. சென்ட்ரோஃபோரஸ் என்னும் பச்சைக் கண் முட்சுறாக்களில் சில, இரண்டு ஆண்டளவு கருவைச் சுமந்து, ஒன்றிரண்டு குட்டிகளே ஈனுகின்றன.

இந்தச் சுறாக்களைத் தேடிச் செல்பவர்கள் நம்மவர்களே. குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர்கள், நீண்ட கயிற்றில் தூண்டில்களைக் கோத்துப் பல நாள் ஆழ்கடலில் தங்கிச் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். கொச்சியில் கரையேற்றி விற்பார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, தமிழ்நாட்டு, கேரள மீனவர்கள் பலர் தம் படகுகளோடு மகாராஷ்டிரத்துத் தேவ்கட் துறையில் ஒதுங்கியதைச் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். இவர்களுக்கு ஈரல் எண்ணெய் ஒரு வருவாய். இரண்டாம் உலகப் போரின்போது அயல்நாட்டு மீனெண்ணெய் வரவு நின்றபோது, சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா எண்ணெய்த் தொழிற்சாலை நடத்தியது. அது வைட்டமின் ஏ-க்காக. ஆழ்கடல் சுறாவின் எண்ணெயில் நாடப்படுவது வேறு பொருள்: 1906-இல் ஜப்பானியர் மிட்சுமாரு சுஜிமோட்டோ கண்டறிந்த ஸ்குவாலீன். முகப்பூச்சுக்கும் சில தடுப்பூசிகளுக்கும் அது பயன்படுகிறது.

அண்டையிலுள்ள மாலத்தீவில் 1980-களில் இதே பச்சைக் கண் சுறாவை ஈரலுக்காகப் பிடிக்கத் தொடங்கினர். சில ஆண்டுகளிலேயே வரவு உச்சத்தைத் தொட்டுச் சரிந்தது. 2010-இல் அந்நாடு சுறாப் பிடிப்பையே தடை செய்துவிட்டது. நம் மீனவரிடம் ‘பிடிக்காதே’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமன்று. கடனும் டீசல் செலவும் கரையில் காத்திருக்கின்றன. ஆயினும் இரண்டு ஆண்டுக்கு ஒரு குட்டி என்ற கணக்கை எந்த வலையாலும் மாற்ற இயலாது.

ஸ்குவாலீன் இன்று ஆலிவ் எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகிறது. கரும்புச் சர்க்கரையை நொதிக்கச் செய்தும் முகப்பூச்சுக்கான ஸ்குவாலேனை உண்டாக்குகிறார்கள். நம் வீட்டுப் பெண்மக்கள் வாங்கும் முகப்பூச்சுப் புட்டிகளில் இப்பெயர்களைக் காணலாம். தாவரத்திலிருந்து எடுத்ததாயின் பல தயாரிப்பாளர்கள் அதைப் பெருமையோடு அச்சிடுகிறார்கள்.