லேன் வயரிலிருந்து வைஃபைக்கு
(கல்வராயன் மலைப் பகுதிப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். விதையும் உரமும் கிணறும் பேச வேண்டிய இடத்தில் இது என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் பட்டா, சிட்டா நகல் எடுப்பதும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்வதும், பிள்ளைகளின் உதவித்தொகைக்கு மனுச் செய்வதும் இன்று இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. 2019-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது முதல், மாவட்டத் தலைமையிடம் விழுப்புரத்தைவிட நமக்கு அருகில் வந்துவிட்டது உண்மையே. ஆயினும் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இருக்கும் ஒருவர் மலையிறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சி சென்று திரும்பினால் அன்றைய வேலை போயிற்று. மரவள்ளிக்குக் களையெடுக்கும் நாளாக இருந்தால் கூலியும் போயிற்று. காப்பீட்டுக்குக் கடைசி நாளாக இருந்துவிட்டாலோ, நஷ்டம் இன்னும் பெரிது. வீட்டிலே கம்ப்யூட்டர் இருந்தும் இந்த அலைச்சல் நேருவது விசனிக்கத் தக்கது.

பல வீடுகளில் நடப்பது இதுதான். ரூட்டர் முன்னறையில் இருக்கிறது. அதிலிருந்து லேன் வயர் இழுத்து டெஸ்க்டாப்பில் செருகியிருக்கிறார்கள். பிள்ளைகள் படிப்பதற்காகக் கம்ப்யூட்டரை உள்ளறைக்கு மாற்றுகிறார்கள். அல்லது வயரை எலி கடித்துவிடுகிறது. கள்ளக்குறிச்சிக் கடையில் வைஃபை டாங்கிள் ஒன்றை வாங்கிவந்து சொருகுகிறார்கள். நெட் வருவதில்லை. உடனே, "மலைமேல் அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். மலையின் மீது பழி போடுவது மிகவும் எளிது. அதற்கு முன் சற்று ஆராய வேண்டும்.

வயல் காய்ந்தால் விவசாயி என்ன செய்கிறார்? கிணற்றில் நீர் இருக்கிறதா, வாய்க்காலில் உடைப்பா என்று தனித்தனியே பார்க்கிறார். இங்கும் இரண்டு பகுதிகள் உண்டு. வெளியிலிருந்து ரூட்டர் வரை வருவது ஒன்று. ரூட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை வருவது மற்றொன்று. பஞ்சாயத்துகளுக்கு ஆப்டிகல் ஃபைபர் கொண்டுவரும் பாரத்நெட் போன்ற திட்டங்களெல்லாம் முதற் பகுதியைச் சேர்ந்தவை. இரண்டாம் பகுதி நம் வீட்டுச் சுவர்களுக்குள் இருக்கிறது. அதற்கு நாமே பொறுப்பு.

எந்தப் பகுதியில் குறை என்று அறிய ஒரு கைப்பேசி போதும். அதை அதே வைஃபையில் இணையுங்கள். ஆனால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டே பார்க்க வேண்டும். இதை நான் வற்புறுத்திக் கூறுகிறேன். அணைக்காவிட்டால் கைப்பேசி தன் சொந்த நெட்டில் பக்கத்தைத் திறந்து காட்டி நம்மை ஏமாற்றிவிடும். கைப்பேசியிலும் வராவிட்டால் ரூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதன் பின்னும் வராவிட்டால் இணைப்புக் கொடுத்தவரிடம் புகார் செய்யுங்கள். கைப்பேசியில் வந்து கம்ப்யூட்டரில் வராவிட்டால் குறை கம்ப்யூட்டரில்தான்.

டாங்கிளைச் சொருகியும் வைஃபை அடையாளமே தோன்றவில்லை என்றால், அதற்குரிய டிரைவர் என்னும் மென்பொருள் ஏறவில்லை என்று பொருள். டிரைவர் இணையத்திலிருந்து வரவேண்டும். இணையமோ டிரைவர் வந்தால்தான் வரும்! ஆகவே டிரைவர் ஏறும் வரையில் பழைய லேன் வயரைப் பிடுங்கலாகாது. வயரே இல்லாதவர்கள் கைப்பேசியைச் சார்ஜ் வயரால் கம்ப்யூட்டரில் இணைத்து, அமைப்புகளில் யூ.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்கினால், கைப்பேசியின் நெட் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும். டிரைவர் ஏறியபின் வயரை எடுத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். வயர் இருக்கும்வரை கம்ப்யூட்டர் பொதுவாக அதன் வழியாகவே செல்லும். வைஃபை வேலை செய்கிறதா என்பது தெரியாது.

அடுத்து, அலைவரிசை. வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு முக்கிய வரிசைகள் உள்ளன. நம் நாட்டில் முன்னது 2005-ஆம் ஆண்டிலும், பின்னது விரிவான அளவில் 2018-ஆம் ஆண்டிலும் உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டன. மலிவான டாங்கிள்களில் பல 2.4-ஐ மட்டுமே அறியும். கைப்பேசியில் தெரியும் வைஃபைப் பெயர் கம்ப்யூட்டரில் தெரியாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம், ரூட்டரில் 2.4-ஐ இயக்கிவிட்டால் சரியாகிவிடும். சுவர்களைக் கடப்பதிலும் 2.4-க்கே வலிமை அதிகம்.

பெயர் தெரிந்தும் இணைப்பு விட்டுவிட்டு வந்தால், வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். சி.பி.யூ. பெட்டி இரும்பால் ஆனது. அதை மேஜைக்கு அடியில் தரையில் வைத்து, முதுகுப்புறத்தில் டாங்கிளைச் சொருகி, பக்கத்தில் இரும்புப் பீரோவையும் நிறுத்தி வைத்தால் அலை எப்படி வரும்? தகரத் தடுப்பும் அவ்வாறே அலையை மறிக்கும். ஒரு யூ.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி, டாங்கிளை மேஜையின் மீது கொண்டுவந்து வையுங்கள். மற்றொரு விஷயம்: யூ.எஸ்.பி. 3 வகைத் துளைகள், பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பவை, வேலை செய்யும்போது 2.4 வரிசைக்கு இடையூறான இரைச்சலை எழுப்புவதுண்டு. 2.4 டாங்கிளைக் கறுப்புத் துளையில் சொருகுவது நலம்.

இணைந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால், நெட்வொர்க் விவரங்களில் ஐ.பி. முகவரியைக் காணுங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் கம்ப்யூட்டருக்கு முகவரி வழங்கவில்லை. அந்த வைஃபைப் பெயரை நீக்கிவிட்டு, ரூட்டரை அணைத்துப் போட்டு, கடவுச்சொல்லை மீண்டும் கொடுத்து இணைக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் அரசாங்கப் பக்கங்கள் மட்டும், "பாதுகாப்பானதன்று" என்று திறக்க மறுப்பதுண்டு. அப்போது திரையின் மூலையில் உள்ள தேதியைக் கவனியுங்கள். கம்ப்யூட்டரின் உள்ளே கடிகாரத்துக்கென்று காசு போன்ற சிறு பாட்டரி ஒன்று இருக்கிறது. அது தீர்ந்துவிட்டால், கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். பக்கங்களின் பாதுகாப்புச் சான்றுக்குக் காலவரம்பு உண்டாகையால், தவறான தேதியுள்ள கம்ப்யூட்டர் அச்சான்றை ஏற்காது. கரண்ட் அடிக்கடி போகும் ஊர்களில் இதை மறக்கலாகாது. பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற எண்ணுள்ள பாட்டரிதான், சொற்ப விலை. மின் வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து, கூட்டல் குறி பழையபடி மேலே தெரியுமாறு புதியதை வைத்து, தேதியைச் சரிசெய்துவிட்டுப் பட்டாப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.