அணையைச் செப்பனிடும் முன் யாரைக் கேட்க வேண்டும்?



மலைச்சரிவில் கொழுந்து எடுக்கும் கைகளுக்கு மழையின் குணம் தெரியும். எது வெறும் தூறல், எது மண்ணை அறுத்துக்கொண்டு போகும் மழை என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மண் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

பிரிஞ்சாங், தானா ராத்தா பக்கமிருந்து இறங்கும் பெர்தாம் ஆறு, ஹாபுவைக் கடந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அங்கே அதைத் தடுத்து நிற்பது சுல்தான் அபு பாக்கார் அணை. மின்சாரம் எடுப்பதற்காக 1963-இல் அமைந்தது அது. தேங்கும் நீர் சுரங்கத்தின் வழியே மலையைக் குடைந்து பேராக் பக்கத்து மின்நிலையத்திற்குப் போகிறது. இதனால் என்ன ஆயிற்று? அணைக்குக் கீழே ஆறு சிறுத்துப் போயிற்று. ஆண்டுக்கணக்கில் சிறுத்தே கிடந்த ஆற்றைப் பார்த்தவர்கள், 'இனி இது இப்படித்தான் ஓடும்' என்று நம்பி, கரையை ஒட்டி வீடு கட்டினார்கள், காய்கறி பயிரிட்டார்கள்.

மேலே வேறொன்று நடந்தது. வளர்ந்த தேயிலை நெருங்கி நின்று மண்ணைப் போர்த்திக்கொள்ளும். ஆனால் காய்கறித் தோட்டத்திற்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவுகளை வழித்துத் திறந்து போட்டால், ஒரே மழைக்கு ஆறு செம்மண் குழம்பாகிவிடும். அந்தக் குழம்பெல்லாம் நீர்த்தேக்கத்தின் அடியில் படிந்தது. பத்துப் படி பிடிக்கும் பானையில் பாதிக்குச் சேறு இருந்தால், எத்தனை படி தண்ணீர் பிடிக்கும்? மழை வந்ததும் பானை சீக்கிரம் நிரம்பும். மதகைத் திறந்தே ஆகவேண்டும்.

2013 அக்டோபர் 23-ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளை. கனத்த மழை. அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. பெர்தாம் பள்ளத்தாக்கில் தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மீது சேறும் நீரும் பாய்ந்தன. மூன்று உயிர்கள் போயின. வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. எச்சரிக்கைச் சங்கொலி தங்கள் காதுக்குச் சரியாக எட்டவில்லை என்று மக்கள் பலர் குறைப்பட்டார்கள். மறு ஆண்டு, 2014 நவம்பரில், ரிங்லெட்டும் பெர்தாம் பள்ளத்தாக்கும் மீண்டும் வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்டன.

இப்படிப்பட்ட அணையைச் சீர்படுத்தத்தான் வேண்டும். சேற்றை வாரவேண்டும்; மதகுகளைப் பழுது பார்க்கவேண்டும்; கீழே ஆற்றை அகலப்படுத்தவேண்டும்; ஆபத்தான கரையிலுள்ள வீடுகளை மாற்றவேண்டும். இவை பொறியாளர் வேலை. ஆனால் பொறியாளருக்கு மட்டுமே தெரிந்த வேலை அல்ல.

நேயர்களே, நம் முன்னோர் ஊரில் இது புதிய செய்தி அன்று. ஏரியைத் தூர்வார ஊரே கூடி உழைப்பதைக் குடிமராமத்து என்றார்கள். ஏரியின் கலிங்கை ஒரு முழம் உயர்த்தினால் மேல்நிலத்துக்காரன் பயிர் மூழ்கும். தாழ்த்தினால் கீழ்நிலத்துக்காரன் வயல் காயும். ஆகையால் இருவரையும் வைத்துப் பேசாமல் கலிங்கில் கைவைத்தால் சண்டைதான் மிஞ்சும். ஏரிக்குப் பொருந்தும் நியாயம் அணைக்கும் பொருந்தும்.

இந்த மலையில் நமக்கு முன்பே வாழ்ந்தவர்கள் செமாய் இனத்துப் பூர்வகுடி மக்கள். பெர்தாம், தெலோம், லெமோய் ஆறுகளை ஒட்டி அவர்களுடைய கம்பங்கள் உண்டு. எந்த ஓடை எந்த மழைக்குப் பொங்கும், எந்தச் சரிவு வழுக்கும் என்பது அவர்களுடைய பாட்டன் காலத்து அறிவு. அவர்களுக்கு நிலம் என்பது வீடு நிற்கும் இடம் மட்டுமல்ல. பழமரம், மூங்கில், பிரம்பு, மீன்பிடிக்கும் ஆறு, முன்னோரைப் புதைத்த இடம் எல்லாம் சேர்ந்ததே நிலம். அதைக் கேட்டறியாமல் வகுக்கும் திட்டம், சேறு கொட்டும் இடமென்று ஒரு கல்லறையையே குறித்துவிடக்கூடும்.

இது இரக்கத்திற்காகச் சொல்வதன்று; உரிமை. சிலாங்கூரில் நெடுஞ்சாலைக்காக 1995-இல் தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. மரத்திற்கும் வீட்டிற்கும் பணம் கொடுத்தார்கள், மண்ணுக்குக் கொடுக்கவில்லை. சாகோங் தாசி என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் நீதிமன்றம் போனார்கள். அந்த மண்ணிலும் அவர்களுக்கு உரிமை உண்டென்று உயர்நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் அதை உறுதி செய்தது. 2007-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனம், அவர்களுடைய நிலத்தையும் நீரையும் தொடும் திட்டங்களுக்கு முன்கூட்டியே, வற்புறுத்தலின்றி, விவரம் தெரிவித்து இசைவு பெறவேண்டும் என்கிறது. மலேசியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது.

'முன்கூட்டியே' என்ற சொல்லைக் கவனியுங்கள். முடிவெடுத்த பிறகு மண்டபத்தில் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, படத்தைக் காட்டி, கையெழுத்து வாங்குவது அறிவிப்பு. அதற்குக் கலந்தாலோசனை என்று பெயரிட முடியாது. நாம் சொன்ன சொல்லால் திட்டத்தில் ஒரு கோடாவது மாறக்கூடிய நேரத்தில் கேட்டால்தான் அது கலந்தாலோசனை. பாத்தின் ஒருவரை மட்டும் கண்டு பேசிவிட்டு, ஆற்றில் நீர் மொள்ளும் பெண்களைக் கேளாமல் திரும்பினாலும் அது குறைதான்.

நாம் என்ன செய்யலாம்? 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி, பெரிய திட்டங்கள் சிலவற்றின் ஆய்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. கருத்து எழுதி அனுப்பலாம். படித்த பிள்ளைகளை விட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டம் நடந்தால் போங்கள். வேலை நேரத்தில் வைத்தால், மாலையில் வைக்கும்படி கேளுங்கள். போகும்போது இந்தக் கேள்விகளைக் கையில் கொண்டு போங்கள்:

மதகு திறந்தால் நீர் எவ்வளவு நேரத்தில், எந்த வீடு வரை வரும்? நள்ளிரவில், மழை இரைச்சலில், சங்கொலி எதுவரை கேட்கும்? பக்கத்தில் வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளிக்கு அதன் பொருள் தெரியுமா? வாரிய சேற்றை எங்கே கொட்டுவீர்கள்? வீடு மாற்றினால் வேலைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம்? இன்று நாங்கள் சொன்னதை எழுதிக்கொண்டீர்களா, பதில் எப்போது வரும்?

இன்னொன்று. 2013 வெள்ளம் எந்தப் படிவரை, எந்த மரத்தடிவரை வந்ததென்று நினைவிருந்தால், அதை நாள் குறித்து எழுதி வையுங்கள். அளவுகோல் இல்லாத இடத்தில் உங்கள் நினைவே அளவுகோல். செமாய் நண்பர்கள் அருகில் இருந்தால் அவர்களோடு சேர்ந்தே கூட்டத்துக்குப் போங்கள். மேலே இருப்பவர் மண்ணும் கீழே இருப்பவர் உயிரும் ஒரே ஆற்றில்தான் இருக்கின்றன.

அணையின் பலம் கான்கிரீட்டில் பாதி. அதைச் சுற்றி வாழ்பவர்களைக் கேட்டுச் செய்வதில் மறுபாதி. அந்த மறுபாதியைக் கேட்டு வாங்கும் பொறுப்பு நமக்கும் உண்டு.