வீட்டுச் செய்திகள்

பழைய நாளில் ஊரிலிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத் தொடங்கின. "இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடத்து நலத்தை அறிய ஆவல்" என்ற இரண்டு தொடர்கள் தலைப்பில் நிற்கும். நம் கண் அவற்றில் தங்குவதில்லை. விரைந்து கீழே இறங்கிவிடும். பசு கன்று ஈன்றது, கொல்லைக் கிணற்றில் நீர் ஏறியது, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்தது, மாமரத்தில் இவ்வாண்டு பூ குறைவு என்பன போன்ற செய்திகள் அங்கேதான் இருக்கும். கடிதத்தின் உயிர் அவற்றிலே இருந்தது.

இன்று கைப்பேசியை எடுத்தால் நொடிப்பொழுதில் ஊர்க்குரல் கேட்கிறது, முகமும் தெரிகிறது. ஆயினும் நாம் பேசுவது என்ன? "சாப்பிட்டாயிற்றா? எல்லோரும் சௌக்கியமா?" என்று கேட்கிறோம், "சௌக்கியம்" என்ற விடையும் வந்துவிடுகிறது. பழைய கடிதத்தின் முதல் இரண்டு தொடர்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவற்றின் கீழே இருந்தவை எங்கே போயின? பிற மாநிலங்களில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி இது. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி அடுத்த தைப் பொங்கல் வரையில் எங்கள் வீட்டில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இதற்கு விடை கூற முற்படுகிறோம்.

நாங்கள் மும்பையில் மாட்டுங்காவில் வசிப்பவர்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழி என்று கூறியவர்கள் சுமார் 5 லட்சம் பேர். எங்கள் வீட்டில் பதின்மூன்று வயதுப் பெண்ணும் ஒன்பது வயதுப் பையனும் உண்டு. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி ஆகிய மூன்றையும் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்குப் பேச்சோடு சரி, எழுத்து தெரியாது. எங்கள் தாயார் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில், தம் சொந்த வீட்டில், சிறிதளவு நன்செய் நிலத்தைக் கண்காணித்துக்கொண்டு தனியே வாழ்கிறார். வயது எண்பதை நெருங்கிவிட்டது.

கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது ஓர் உண்மை புலப்பட்டது. தாயாருக்குச் செவிப்புலன் மிகவும் குன்றியிருந்தது. எதிரே அமர்ந்து உரக்கப் பேசினால் விளங்கும். காதுக் கருவி வைத்துக்கொண்டு தொலைபேசியை அருகில் கொண்டுபோனாலோ கீச்சென்ற ஓசைதான் எழும். ஆகவே பல மாதங்களாக, நாங்கள் எதைக் கூறினாலும் "ஆமாம், சந்தோஷம்" என்று பதிலளித்து வந்திருக்கிறார். பெண்ணுக்குப் பள்ளியில் பாட்டுப் போட்டியில் பரிசு கிடைத்த செய்தியைக் கூட அவர் அறிந்திருக்கவில்லை. ஆனால் கண்ணாடி அணிந்து நாள்தோறும் செய்தித்தாளைப் படித்துவந்தார். "எனக்கு எழுதிவிடுங்கள், நான் நிதானமாகப் படித்துக்கொள்கிறேன்" என்று அவரே வழியும் கூறினார்.

மும்பைக்குத் திரும்பியதும் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஞாயிறு தோறும் ஓர் உள்நாட்டுக் கடிதத் தாள். அதில் நால்வரும் எழுதவேண்டும். "நலம்" என்று மட்டும் எழுதி எவரும் தப்பிக்கலாகாது. அந்த வாரத்தில் தாம் கண்ட ஒன்றை, பாட்டி அறியாத ஒன்றைச் சொல்லவேண்டும்.

குழந்தைகளுக்கு எழுத்துத் தெரியாதே, என் செய்வது? தமிழில் 247 எழுத்துக்கள் என்று கேட்டவுடன் பையன் மலைத்துப்போனான். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. இவற்றோடு கால், கொம்பு, விசிறி முதலிய குறிகளை அறிந்துகொண்டால் 216 உயிர்மெய்களும் தாமே அமைந்துவிடும் என்று விளக்கிய பிறகுதான் தைரியம் வந்தது. தேவநாகரி எழுத்தை முன்னரே கற்றவர்களாதலால் ஒரு நன்மையும் ஓர் இடர்ப்பாடும் இருந்தன. உயிரும் மெய்யும் கூடி எழுத்தாகும் முறை அவர்களுக்குப் புதிதன்று. ஆனால் அங்கே ககரம் நான்கு, இங்கே ஒன்றே. "எந்தக் க?" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் கேட்பார்கள். 'பக்கம்', 'பகல்', 'பங்கு' என்ற மூன்றையும் வாய்விட்டுப் படிக்கச் செய்தோம். எழுத்து ஒன்றே, நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி வேறாகிறது என்பதை அவர்களே கண்டுகொண்டார்கள். ளகரம் மராத்தியில் உண்டு. ழகரத்திற்குத்தான் நாவைப் பழக்கவேண்டியிருந்தது.

அவ்வாண்டு ஜூன் 25-ஆம் தேதி மும்பையில் பருவமழை தொடங்கிற்று. அதே நாளில் தில்லியிலும் தொடங்கியது. இரு நகரங்களிலும் ஒரே நாளில் பருவமழை தொடங்கியது 1961-க்குப் பிறகு அதுவே முதல் முறை. பையன் எழுதிய முதல் செய்தியும் மழைதான். "இங்கே பெரிய மளை" என்று ஒரே வரி. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பாட்டியின் பதில் வந்தது. "நீ அனுப்பிய மளை கிடைத்தது. இங்கே வயலுக்கு மழைதான் வேண்டும். அடுத்த தடவை அதை அனுப்பு." அன்று முதல் அவன் ழகரத்தில் தவறியதில்லை.

ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. பெண் அதை எழுதினாள். தம் மாமியார் காலத்தில் தக்காளி அடுக்களைக்குள் வந்ததே இல்லை என்றும், புளியும் மிளகும் கொண்டே ரசம் மணக்கும் என்றும் பாட்டி எழுதி, செய்முறையையும் சேர்த்து அனுப்பினார். பைகுல்லாவிலுள்ள ராணி பாக் விலங்குக் காட்சிசாலைக்கு ஒரு விடுமுறை நாளில் சென்றுவந்தோம். அங்கே பென்குயின் பறவைகளைக் கண்ட பையன், பாட்டி அதைப் பார்த்திருக்கமாட்டார் என்று எண்ணி, "கறுப்புக் கோட்டு அணிந்த வாத்து" என்று எழுதினான். பெயரை மட்டும் எழுதியிருந்தால் பாட்டிக்கு ஒன்றும் விளங்கியிராது. அறியாத ஒருவருக்கு விளக்கவேண்டும் என்ற நிலை வரும்போதுதான் நம் மொழியின் வளத்தை நாம் தேடுகிறோம்.

ஆகஸ்டு 23-ஆம் தேதி மாலையில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை அடுக்ககத்தில் எல்லாக் குடும்பங்களும் கூடியிருந்து பார்த்தோம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தவர் என்று அண்டை வீட்டு மராத்தியப் பெரியவரிடம் பையன் பெருமிதத்தோடு கூறினான். 1937 முதல் மும்பைச் சாலைகளில் ஓடிய மாடி பஸ்களில், டீசலில் இயங்கிய பழைய வண்டிகள் செப்டம்பர் 15-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டன. அதற்கு முன்னரே ஒரு நாள் அந்தேரிக்குச் சென்று, மேல்தட்டின் முன்வரிசையில் அமர்ந்து ஊரைச் சுற்றிவந்தோம். செப்டம்பர் 19-ஆம் தேதி பிள்ளையார் சதுர்த்தி. எதிர்வீட்டிலிருந்து மோதகம் வந்தது; எங்கள் வீட்டிலிருந்து கொழுக்கட்டை போயிற்று. இரண்டுக்கும் அரிசி மாவும், தேங்காயும், வெல்லமுமே கூட்டு. மடிப்பு மட்டும் அவர்களுடையது அழகு என்று பெண் எழுதினாள். "நீயும் அந்த மடிப்பைக் கற்றுக்கொள்" என்று பாட்டி பதில் எழுதினார்.

இங்கே நீர் மிகுந்து தண்டவாளங்கள் முழுகும் காலத்தில் அங்கே நிலைமை வேறாக இருந்தது. மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டது. ஆனால் காவிரியில் வரத்துக் குறைந்து, அக்டோபர் 10-ஆம் தேதியே மூடப்பட்டது. பாட்டியின் கடிதங்களில் அந்தக் கவலை சிறிது சிறிதாக வந்தது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், கடைமடைக்கு எட்டவில்லை, குறுவைப் பயிர் சிலர் வயலில் காய்கிறது என்று எழுதினார். "குறுவை என்றால் என்ன?" என்று பையன் கேட்டான். குறுகிய காலத்தில், நான்கு மாதத்திற்குள் விளையும் நெல் அது. சம்பா நீண்ட காலப் பயிர் என்று விளக்கினோம். செய்தித்தாளில் காவிரி என்ற சொல்லைக் கண்டால் அன்று முதல் அவன் நின்று படிக்கலானான். அது பாட்டியின் வயலுக்குப் போகும் தண்ணீர் அல்லவா?

அக்டோபர் நடுவில், கொலு வைத்த வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. அக்கம்பக்கத்தில் சுண்டலுக்குப் போனது, மல்லிகைக் கொடியை வெட்டிவிட்டது, அடுத்த வீட்டுக் கன்று வேலி தாண்டியது என்றெல்லாம் எழுதியிருந்தார். இவற்றின் நடுவே ஒரு வரி இருந்தது: "சின்னவனை இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொல்லுங்கள், இப்பொழுதெல்லாம் ஒரு வரி இரண்டாகத் தெரிகிறது."

அந்த வரியை நாங்கள் பலமுறை படித்தோம். பழைய கடிதங்களையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஜூலையில் நேராக ஓடிய அவருடைய வரிகள் செப்டம்பரில் சாயத் தொடங்கியிருந்தன. அக்டோபரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. தீபாவளி நவம்பர் 12-ஆம் தேதி. அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே ஊருக்குச் சென்று கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. கண்ணின் உள்ளே உள்ள வில்லை மங்கிப்போவதே புரை. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்தினால் பெரும்பாலோர்க்குப் பார்வை திரும்பிவிடும். அறுவை சிகிச்சை அரைமணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். இவற்றைப் பாட்டியும் அறிவார். ஆனால் மருந்து விடவும் துணைக்கு வரவும் எவரைக் கேட்பது, இவ்வளவு தொலைவிலிருந்து உங்களை எப்படி அழைப்பது என்று இருந்துவிட்டதாகக் கூறினார். செவி முன்னரே குன்றியது. கண்ணும் போயிருந்தால் எங்களுக்கும் அவருக்கும் இடையே இருந்த வழி முற்றிலும் அடைபட்டிருக்கும்.

எங்களில் ஒருவர் ஊரில் தங்கினோம். மற்றவர் குழந்தைகளோடு மும்பைக்குத் திரும்பினோம். நவம்பரில் ஒரு கண்ணுக்கும் டிசம்பரில் மற்றொரு கண்ணுக்கும் சிகிச்சை நடந்தது. அந்நாட்களில் கடிதம் எதிர்த்திசையில் சென்றது. ஊரில் இருந்தவர் பாட்டி கூறுவதை எழுத, மும்பையில் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். எங்களோடு வந்துவிடுமாறு மீண்டும் கேட்டோம். "வருகிறேன், ஆனால் போய்வருகிறேன் என்று சொல்லி வருவேன்" என்றார். வீட்டையும் நிலத்தையும் விட அவர் மனம் இசையவில்லை. அதை நாங்கள் வற்புறுத்தவுமில்லை.

2024 ஜனவரி 15-ஆம் தேதி பொங்கல். அதற்கு மூன்று நாள் முன்னர் மும்பையையும் நவி மும்பையையும் இணைக்கும் கடற்பாலம் திறந்துவைக்கப்பட்டது. 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அதன்மேல் பொங்கலுக்கு அடுத்த ஞாயிறன்று சென்றுவந்தோம். பொங்கலன்று எதிர்வீட்டார் எள்ளுருண்டை கொணர்ந்து, இனிமையாகப் பேசுங்கள் என்று தம் வழக்கப்படி வாழ்த்தினார்கள். அவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் அளித்தோம். இவை அனைத்தையும் பையன் இரண்டு பக்கம் எழுதினான். பாட்டியின் பதிலில் வரிகள் மறுபடியும் நேராக ஓடின: "இனிமேல் அவ்வளவு பெரிதாக எழுதாதே. தாள் வீணாகிறது. அந்த இடத்தில் இன்னும் இரண்டு செய்தி எழுதலாம்."

இந்த அனுபவத்திலிருந்து எங்களுக்குத் தெளிவாகியது இதுதான். பெரிய செய்திகள் தனியே வருவதில்லை. முதியோர் தம் நோயையும் தனிமையையும் முதல் வரியில் எழுதமாட்டார்கள், கேட்டாலும் கூறமாட்டார்கள். மல்லிகைக் கொடிக்கும் கன்றுக்குட்டிக்கும் இடையே அவை ஒளிந்து வரும். சிறு செய்திகள் போய்வரும் பாதை இருந்தால்தான் பெரிய செய்தியும் வந்து சேரும். அப்பாதையில் நடந்தே குழந்தைகளும் எழுத்தைக் கற்றார்கள். பாடமாக வைத்திருந்தால் சில வாரங்களில் சலித்திருப்பார்கள். பதில் எழுத ஒருவர் இருந்ததால் சலிக்கவில்லை.

வசதியுள்ளோர் தமிழ்ச் சங்க வகுப்புகளையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களையும் பயன்படுத்திக்கொள்ளலாம். எங்கே குடியிருந்தாலும், எத்தனை அலுவல் இருந்தாலும், வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்க இயலும். ஊரில் உள்ளவர் கேட்கக்கூடியவராயின் பேசலாம், இல்லையெனில் எழுதலாம். எப்படியாயினும், "நலம்" என்பதோடு நிறுத்தாமல், அந்த வாரத்தில் கண்டது ஒன்றையேனும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர்கள் பதிலை நிதானமாகக் கேட்கவோ, இரண்டுமுறை படிக்கவோ வேண்டும்.